அரை கிராம் சுரப்பியும் 50 லட்சம் ஆடுகளும்

மூக்கு ஒழுகினால் மூளை கசிகிறது என்று அர்த்தம். சிரிக்காதீர்கள். ஐரோப்பாவின் மெத்தப் படித்த வைத்தியர்கள் சுமார் 1,500 ஆண்டுகள் இதைத் தலையாட்டி ஒப்புக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் காலென். இரண்டாம் நூற்றாண்டுக்காரர். பெர்கமோன் நகரில் கிளாடியேட்டர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ரோமாபுரிக்குப் போய்ப் பேரரசருக்கே நாடி பார்த்தவர். மூளையில் சேரும் கழிவெல்லாம் அடியில் தொங்கும் ஒரு குட்டி உருண்டைக்குள் இறங்கி, அங்கிருந்து அண்ணத்துக்கும் மூக்குக்கும் சளியாக வடிகிறது என்பது அவர் தீர்ப்பு. அந்த உருண்டைதான் பிட்யூட்டரி. கொண்டைக்கடலை அளவு, அரை கிராம் கனம். நாம் எவ்வளவு வளர்வது, எப்போது வயதுக்கு வருவது, தைராய்டு எவ்வளவு சுரப்பது, தாய்ப்பால் எப்போது ஊறுவது என்று உடம்பின் பாதி நிர்வாகம் அதன் கையில். அதற்குக் காலென் போட்டுக் கொடுத்த உத்தியோகம், சாக்கடைக் காவல்.

காலென் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்கு, பன்றி, மாடு. எழுதியது மனிதனைப் பற்றி. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாக்ஹோம் நோபல் மேடை வரை இது நம்முடன் வரப்போகிறது.

1543-இல் வெசாலியஸ் வந்தார். மனிதப் பிணங்களை அறுத்துப் பார்த்துக் காலெனின் பிழைகளைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார். ஆனால் சளி விவகாரத்தில் மட்டும் பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். 1660-இல் விட்டன்பர்க் பேராசிரியர் ஷ்னைடர்தான், சளியை மூக்கின் உள்சவ்வே சொந்தமாகத் தயாரிக்கிறது, மேலேயிருந்து சரக்கு எதுவும் வருவதில்லை என்று காட்டினார். காலெனுக்கு மூக்கு அறுபட்டது. பிட்யூட்டரிக்கு இருந்த ஒரே வேலையும் போனது. அடுத்த 200 ஆண்டுகள் அது உள்ளே உட்கார்ந்து ஓசைப்படாமல் உலகத்தையே வளர்த்துக்கொண்டிருக்க, வெளியே இருந்தவர்கள் அதை ஒன்றுக்கும் உதவாத உறுப்பாகவே நினைத்தார்கள்.

இந்த இடைவெளியில் லண்டனுக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்தார். பெயர் சார்லஸ் பர்ன், ஊர் அயர்லாந்தின் வடபகுதி. விளம்பரத்தில் எட்டடிக்கு மேல் என்று போட்டார்கள். எலும்பை அளந்தால் ஏழடி ஏழங்குலம்தான். 'தான்' என்று எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. 1782-இல் லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும் காசு கொடுத்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அடுத்த வேடிக்கை கிடைத்ததும் பர்ன் குடிக்க ஆரம்பித்தார், சேர்த்து வைத்த பணமும் களவு போனது. 1783 ஜூனில் 22 வயதில் இறந்தார்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தின் பெயர் ஜான் ஹன்டர். லண்டனின் மகா அறுவை மருத்துவர், விநோதமான உடல்களைச் சேகரிப்பதில் கட்டுக்கடங்காத ஆசை கொண்டவர். செத்ததும் இந்த மனுஷன் நம்மைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்திவிடுவான் என்று பர்னுக்குத் தெரியும். அதனால் தன் உடலை ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். நண்பர்கள் பெட்டியோடு கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். பெட்டி பத்திரமாகக் கடலில் இறங்கியது. உள்ளே இருந்தது கல் என்பார்கள். ஹன்டர் 500 பவுண்ட் லஞ்சம் கொடுத்ததாகப் பேச்சு. தொகையில் கூடக் குறைய இருக்கலாம், உடல் போய்ச் சேர்ந்த இடத்தில் சந்தேகமே இல்லை. ஹன்டர் அதை வேகவைத்துச் சதையை நீக்கி எலும்பை எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டரின் ஓவியத்தில், சிந்தனையில் ஆழ்ந்த மேதையின் தலைக்கு மேல் ஒரு ஓரத்தில் இரண்டு நீண்ட எலும்புக் கால்கள் தொங்குகின்றன. திருடிய பொருளோடு படம் எடுத்துக்கொள்வது இன்ஸ்டாகிராம் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் அல்ல.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த எலும்புக்கூட்டில் ஹன்டர் மண்டையைத் திறந்து பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் நூறு ஆண்டுக்கு மேலாகப் பார்க்கவில்லை. 1909-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் வந்து திறந்தார். பிட்யூட்டரி உட்காரும் எலும்புக் குழி பெரிதாக விரிந்திருந்தது. அங்கே ஒரு கட்டி இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. விடை கண்ணாடிப் பெட்டியிலேயே நின்றிருக்கிறது, கூட்டம் கூட்டமாக வந்தவர்களெல்லாம் காலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நடுவில் பாரிஸில் பியர் மாரி என்றொருவர் 1886-இல் கையும் காலும் முகமும் பெருத்துக்கொண்டே போகும் நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். இறந்த நோயாளிகளிடம் பிட்யூட்டரி வீங்கியிருப்பதும் தெரிய வந்தது. சரி, சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது, ஆள் அதிகமாக வளர்கிறான் என்றுதானே நமக்குத் தோன்றும்? மாரிக்குத் தலைகீழாகத் தோன்றியது. சுரப்பி கெட்டுப்போய் வேலை செய்யாததால்தான் வளர்கிறார்கள் என்றார். பிட்யூட்டரிக் கட்டியை வெட்டியெடுத்தால் நோய் தணிகிறது என்று குஷிங் போன்றவர்கள் காட்டிய பிறகுதான் இந்த வழக்கு முடிந்தது.

1921-இல் கலிஃபோர்னியாவின் பர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் ஜோசப் லாங்கும் மாட்டுப் பிட்யூட்டரியின் முன்பகுதியை அரைத்து, சாற்றை எலிகளின் வயிற்றில் தினமும் ஊசி போட்டார்கள். எலிகள் வளர்ந்தன, நிற்காமல் வளர்ந்தன. வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்று இருக்கிறது என்பது உறுதியானது. அதே வளாகத்தில் சோ ஹாவ் லீ என்ற சீனத்து வேதியியலாளர், எவன்ஸோடு சேர்ந்து 1940-களின் நடுவில் மாட்டு ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார். இனிக் குள்ளமே உலகில் இல்லை என்று எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். மாட்டு ஹார்மோனை மனிதக் குழந்தைகளுக்குப் போட்டார்கள், ஒரு அங்குலம்கூட அசையவில்லை. எலி எந்த ஊர்ச் சரக்கையும் ஏற்றுக்கொண்டது. மனித உடம்பு மட்டும் மாட்டுச் சரக்கு வேண்டாம், குரங்கு அல்லது மனிதன் என்றால் வாங்கிக்கொள்கிறேன் என்றது. 1956-இல் லீ மனித ஹார்மோனையே பிரித்தார். 1958-இல் பாஸ்டனில் மாரிஸ் ராபன் அப்படி எடுத்த ஹார்மோனை 17 வயதுப் பையன் ஒருவனுக்குப் போட்டு வளர்த்துக் காட்டினார்.

லீ அதோடு நிற்கவில்லை. அந்த ஹார்மோனில் 188 அமினோ அமிலங்கள் இன்ன வரிசையில் கோத்திருக்கின்றன என்று 1966-இல் அறிவித்தார். 1971 ஜனவரியில் அந்த வரிசைப்படியே ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்துவிட்டதாகச் சொன்னார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. சில வாரங்களில் ஹ்யூ நியால் என்பவர் வந்து, வரிசை தப்பு ஐயா என்றார். சரியான கணக்கு 191. தப்பான வரைபடத்தை வைத்து லீ கட்டிய அந்த மூலக்கூறு ஓரளவுக்கு வேலையும் செய்ததுதான் அதிசயம். மனிதர் செய்த தவறைக்கூட உடம்பு கொஞ்சம் மன்னித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது.

செயற்கை கைகூடாதவரை ஹார்மோனுக்கு ஒரே வழி பிணவறை. ஒரு குழந்தையை ஓராண்டு வளர்க்க டஜன் கணக்கில் மனிதப் பிட்யூட்டரிகள் வேண்டும். இதற்கென்றே அமெரிக்காவில் 1963-இல் தேசிய பிட்யூட்டரி நிறுவனம் என்று ஒன்றை அமைத்து, பிரேதப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து, ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் போட்டுச் சாறு எடுத்தார்கள். இந்த இடத்தில் மட்டும் கிண்டலை இறக்கி வைக்கிறேன். சேர்த்த சுரப்பிகளில் சில, மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயோடு இறந்தவர்களுடையவை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலர் பல ஆண்டுகள் கழித்து, இளைஞர்களான பிறகு, அதே நோயில் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1985 ஏப்ரலில் அமெரிக்கா விநியோகத்தை நிறுத்தியது. பிரான்ஸில் மட்டும் இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். அங்கே நடந்த வழக்கில் 2009-இல் பாரிஸ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்களையும் அதிகாரிகளையும் விடுவித்தது.

1985 அக்டோபரில் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த ஹார்மோன் கடைக்கு வந்தது. தயாரித்தது ஜெனென்டெக் என்ற கம்பெனி. அந்தப் பிறப்பில் ஒரு நள்ளிரவுக் கதை இருக்கிறது. பீட்டர் ஸீபர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவைப் படியெடுக்கும் வேலையில் இருந்தவர். பிறகு ஜெனென்டெக்குக்கு மாறினார். 1978 டிசம்பர் 31, ஊரே புத்தாண்டுக்காக மணியைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில், பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தான் உருவாக்கிய மாதிரிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் குழந்தை, நான் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பது அவர் கட்சி. பல்கலைக்கழகம் காப்புரிமைக் கணக்கை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது.

1999-இல் ஸீபர்க் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஜெனென்டெக்கில் அந்த மாதிரியைத்தான் பயன்படுத்தினோம், 1979-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய விவரம் உண்மையல்ல என்று போட்டுடைத்தார். உடன் எழுதிய டேவிட் கெடல் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஜூரிகள் 8-க்கு 1 என்று பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தார்கள், ஏகமனதாக இல்லை. கடைசியில் 20 கோடி டாலருக்குச் சமரசம். அதில் கண்டுபிடிப்பாளர்களுக்கான பங்கு ஸீபர்குக்கும் போனது. நள்ளிரவில் போய் எடுத்து வந்தவருக்கு, எடுத்துப் போனதற்காகக் கட்டிய தொகையில் ஒரு பங்கு. வக்கீல் படிப்பில் இதை ஒரு பாடமாகவே வைக்கலாம்.

ஹார்மோனை விடுங்கள். சுரப்பிக்கு 'இப்போது விடு', 'இப்போது நிறுத்து' என்று யார் சொல்வது? வளர்ச்சி ஹார்மோன் குழாயைத் திறந்த மாதிரி நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு வருகிறது, ஆழ்ந்த தூக்கத்தில் பெரிய அளவில் வருகிறது. அப்படியென்றால் மேலதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். பிட்யூட்டரிக்கு நேர் மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் இருக்கிறது, இரண்டையும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இணைக்கின்றன. அந்தக் குழாய்களை 1930-இல் விவரித்தவர்கள் போபாவும் ஃபீல்டிங்கும். ரத்தம் கீழிருந்து மேலே போகிறது என்று எழுதிவிட்டார்கள். அது மேலிருந்து கீழே வருகிறது என்பதைப் பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். ஹைப்போதலாமஸ் அந்த ரத்தத்தில் ரசாயன உத்தரவுகளை அனுப்புகிறது என்று இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹாரிஸ் வாதாடி நிலைநாட்டினார். சரி, அந்த உத்தரவைப் பிடித்துக் காட்டுங்கள் என்றது உலகம்.

பிடிக்கக் கிளம்பியவர்கள் இரண்டு பேர். பிரான்ஸின் டிஜோனில் பிறந்த ரோஜர் கியெமின், போலந்தில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. ஹியூஸ்டனில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டு குப்பை கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, பகை மட்டும் சுத்தமாகப் பிரிந்து கிடைத்தது. 1962-இல் ஷாலி நியூ ஆர்லியன்ஸ் போய்த் தனிக்கடை போட்டார்.

கியெமின் ஆட்டு மூளையைப் பிடித்துக்கொண்டார். இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்தவற்றைச் சேர்த்தால் 50 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ். ஷாலி பன்றிக் கட்சி. ஆஸ்கர் மேயர் என்ற இறைச்சிக் கம்பெனி பத்து லட்சம் பன்றிகளின் ஹைப்போதலாமஸைத் தானமாகவே கொடுத்தது. கியெமினுக்குக் காசு செலவு, ஷாலிக்கு ஓசி என்பதும் பகைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது என் சொந்த யூகம். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் எந்த ஆடும் பன்றியும் தன் மூளை எங்கே போகிறது என்று தெரியாமலேயே விஞ்ஞானத்துக்குத் தொண்டாற்றியது.

முதலில் இருவரும் துரத்தியது தைராய்டுக்கான உத்தரவை. 3 லட்சம் ஆடுகளை அரைத்த பிறகு கியெமினுக்குக் கிடைத்தது ஒரு மில்லிகிராம். கடைசியில் 1969-இல் பார்த்தால் வெறும் மூன்று அமினோ அமிலம். இதில் ஷாலியின் சோகம் தனி. அந்த மூன்றையும் 1966-லேயே கண்டுவிட்டார். மொத்த எடைக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு மூன்றாண்டு அலைந்தவர் அவர்.

அடுத்து வளர்ச்சி ஹார்மோனை விடச் சொல்லும் உத்தரவு. இந்தத் தடவை விடுவதில்லை என்று ஷாலி முந்தினார். 1971-இல் பன்றியிடமிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட வரிசையைப் பிரித்து, இதுதான் அது என்று அச்சில் போட்டார். அதே ஆண்டு மெர்க் கம்பெனியின் டேனியல் வீபரும் சகாக்களும் அந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார்கள். பார்த்துத்தான் இருந்தார்கள். பன்றி ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், முதல் பத்து எழுத்து. அதாவது, மூளையின் பரம ரகசிய உத்தரவு என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது பன்றி ரத்தம். சரியாகக் கழுவாமல் அரைத்தால் என்ன ஆகும் என்பது எந்தக் கறிக்கடைக்காரரும் இலவசமாகச் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

எதிரி வழுக்கி விழுந்த இடத்தில் கியெமின் ஆட்கள் இன்னும் மும்முரமாகத் தேடினார்கள். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், சால்க் நிறுவனத்தில், ஆட்டுச் சாற்றைப் பிட்யூட்டரி செல்களின் மேல் ஊற்றி, ஹார்மோன் கூடுகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. திரும்ப ஊற்றினால் திரும்பக் குறைந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. 'விடு' என்னும் உத்தரவைத் தேடியவர்கள் கையில் 1973-இல் கிடைத்தது 'நிறுத்து' என்னும் உத்தரவு. சோமாட்டோஸ்டாட்டின், 14 அமினோ அமிலம். இந்தத் தற்செயல்தான் நோயாளிகளுக்கு அதிகம் உதவியது. அதன் நகலாகச் செய்த மருந்தை மாதம் ஒரு தடவை ஊசியாகப் போட்டு அக்ரோமெகலியை இன்று கட்டுப்படுத்துகிறார்கள். சார்லஸ் பர்ன் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ஆறடிச் சொச்சத்தில் நின்று நிம்மதியாகக் கிழவனாகியிருப்பார்.

இந்தக் கூத்தை உள்ளேயிருந்தே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். புருனோ லதூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1975 முதல் இரண்டாண்டு கியெமினின் கூடத்தில் உட்கார்ந்து, மானுடவியலாளர்கள் காட்டுக் குடிகளைக் கவனிப்பதைப் போல விஞ்ஞானிகளைக் கவனித்து, 1979-இல் ஸ்டீவ் வுல்கருடன் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இடையில் 1977-இல் நோபல் குழு, கியெமினையும் ஷாலியையும் பாதிப் பரிசுக்கு ஒரே மேடையில் ஏற்றியது. மீதிப் பாதி ரோசலின் யாலோவுக்கு. ஹார்மோன்களை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த அம்மா அவர். ஆட்டுக்கும் பன்றிக்கும் அழைப்பு இல்லை.

நோபல் வந்தாயிற்று, 'விடு' உத்தரவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த விதம்தான் இந்த வரலாற்றின் உச்சக் காட்சி. வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் மைக்கேல் தார்னரிடம் அக்ரோமெகலியோடு ஓர் இளம்பெண் வந்தார். பிட்யூட்டரியைத் திறந்தால் கட்டி இல்லை, யாரோ விரட்டி வேலை வாங்கிய மாதிரி சுரப்பி பெருத்திருந்தது. விரட்டியது கணையத்திலிருந்த ஒரு கட்டி. அந்தக் கட்டி வைலி வேலின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. வேல், கியெமினின் பழைய மாணவர். குருவை விட்டுப் பிரிந்து அதே சால்க் நிறுவனத்தில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர். அதே சமயம் பிரான்ஸின் லியோனில் இன்னொரு நோயாளியின் கணையக் கட்டி குருவுக்கு வந்து சேர்ந்தது. ஒரே வளாகத்தில் இரண்டு பேர், இரண்டு கட்டி, ஒரே பொருள். 1982 கடைசியில் கியெமின் 'சயின்ஸ்' இதழில் 44 அமினோ அமிலம் என்றார். வேல் குழு 'நேச்சர்' இதழில் 40 என்றது. இரண்டுமே உடம்பில் இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். 50 லட்சம் ஆடு, பத்து லட்சம் பன்றி, இரண்டு கூடத்துப் பகை. விடை இருந்தது இரண்டு மனிதர்களின் கணையத்தில். தேடியது மூளை, கிடைத்தது வயிறு.

வயிற்றுக்கு இதோடு திருப்தி வரவில்லை. நியூ ஆர்லியன்ஸில் சிரில் பவர்ஸ் என்பவர், ஷாலியோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவர், 1970-களிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்த சில குட்டி மூலக்கூறுகள் வளர்ச்சி ஹார்மோனை வெளியே தள்ளுவதைக் கண்டார். உடம்பில் அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது என்று 1996-இல் மெர்க் ஆட்கள் காட்டினார்கள். பூட்டு இருந்தால் சாவி இருக்க வேண்டுமே? எல்லோரும் மறுபடி மூளையில் தேடினார்கள். 1999-இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் எடுத்த இடம் எலியின் இரைப்பை. பெயர் கிரெலின். பசி எடுக்கச் செய்யும் அதே பொருள்தான் வளர்ச்சி ஹார்மோனையும் விடச் சொல்கிறது. மூளைதான் எல்லாவற்றுக்கும் அதிபதி என்று 70 ஆண்டு ஆராய்ந்தவர்களுக்கு இரைப்பை அனுப்பிய பதில் இது.

எலும்புக்கூட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. 2011-இல் மார்ட்டா கோர்போனிட்ஸ் குழு பர்னின் பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அவரிடமிருந்த மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தது. வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே பிழை இருக்கிறது. 2023-இல் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோது பர்னைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடலுக்கு அனுப்பவில்லை, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை இன்னும் செய்யவில்லை.

கியெமின் 2024 பிப்ரவரியில் 100 வயதில் காலமானார். ஷாலி அதே ஆண்டு அக்டோபரில், 97 வயதில். யார் முந்தினார் என்பதில் இருவரும் தகராறு செய்ய முடியாத ஒரே விஷயம் இதுதான்.